‘சுத்திகரிக்கப்பட்டது’ என்று பலகை வைத்துவிட்டார்கள், கிணற்றுத் தண்ணீர் மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கிறது

#1 வேப்பங்குச்சி

வணக்கம். இங்கே வெகுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை இருந்தது. பெயர் வேண்டாம். மூடி ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் பொக்லைன் வைத்து மண்ணை வெட்டி, தார்ப்பாய் போட்ட லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் வேறு மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி, ‘இவ்விடம் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டது’ என்று பலகை நட்டார்கள். நாங்களும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

போன மழைக்குப் பிறகு பின்சுவரின் அடியில் மஞ்சள் பூத்திருக்கிறது. சுவரில் உப்புப் பூக்குமே, அந்த மாதிரி. ஆனால் எலுமிச்சை மஞ்சள். விரலால் தேய்த்தால் ஒட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைப் பீங்கானில் ஊற்றினால் இலேசான மஞ்சள் தெரிகிறது. அதிகாரிகளிடம் கேட்டால் ‘வேலை முடிந்து கோப்பும் மூடியாயிற்று’ என்கிறார்கள்.

கேள்வி இரண்டு. இது என்ன? இரண்டாவது, சுத்தம் என்று எழுதி வைக்கிறார்களே, அது யாருடைய அளவுகோல்?

#2 நிலத்தடி

முதலில், அந்த மஞ்சளை இனிமேல் விரலால் தொடாதீர்கள். சுரண்டவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். தூசியாக மூச்சில் போவதுதான் இன்னும் மோசம். குழந்தைகள் அந்தப் பக்கம் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பதினான்கு வருடமாக நிலத்தடி நீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முலாம் பூசும் இடம், எலுமிச்சை மஞ்சள், மழைக்குப் பிறகு சுவரில் பூப்பது என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமேட். மூன்று இணைதிறன் குரோமியம் பச்சை நிறம், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் அப்படியில்லை. நன்றாகக் கரையும், தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும், மூச்சில் போனால் புற்றுநோய் வரவழைக்கும் என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்டது.

குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதாவது மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்னாலேயே அந்தத் தண்ணீர் கெட்டுவிட்டது. பக்கத்துக் கிணறு பளிங்கு மாதிரி இருக்கிறது என்று அவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கொதிக்க வைத்துக் குடிப்பது உதவாது. நீர் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே தங்கும், செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள்.

சோதனைக்குக் கொடுக்கும்போது ‘மொத்தக் குரோமியம்’, ‘ஆறு இணைதிறன் குரோமியம்’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டிலும் தனித்தனி. மொத்தத்துக்கான பாட்டிலில் அமிலம் சேர்ப்பார்கள். ஆறுக்கானதில் அமிலம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அது மூன்றாக மாறிவிட வாய்ப்புண்டு. பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். இது தெரியாமல் எடுத்த மாதிரியில் ‘இல்லை’ என்று முடிவு வந்து, வழக்கே நீர்த்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

#3 கணக்குப்பிள்ளை

திட்ட வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பூஜ்யம் என்ற ஒன்று எங்கேயும் கிடையாது. முதல் எண்பது சதவீதத்தை அள்ளுவது சுலபம். கடைசி ஐந்து சதவீதத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவாகும். அந்தப் பணத்தில் பத்து இடங்களை எண்பது சதவீதம் சுத்தம் செய்யலாம் அல்லவா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே ‘கம்பெனி ஆள்’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அதோடு, அந்தத் தொழிற்சாலை ஓடியபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் யாராவது கணக்கெடுங்கள்.

#4 பாலிஷ்காரர்

அடுப்பு எரிந்தது ஐயா, என் வீட்டிலும் எரிந்தது. இருபத்திரண்டு வருடம் முலாம் பட்டறையில் இருந்தேன். முதலில் பஃபிங், அதாவது தேய்த்து மெருகேற்றும் வேலை, பிறகு குரோம் டேங்க்.

டேங்கில் கரண்டு ஓடும்போது குமிழ் வெடித்து ஒரு மஞ்சள் புகை எழும். மூக்கு எரியும், பிறகு பழகிவிடும். பழகியது என்று நாங்கள் நினைத்தோம், உண்மையில் மரத்துப்போயிருந்தது. நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டு நாசிக்கும் நடுவே இருக்கும் அந்தத் தடுப்பில்தான். வலியே கிடையாது. மூச்சு விட்டால் சன்னமாக விசில் சத்தம் வரும். பட்டறையில் ஓட்டை இல்லாத ஆளைப் புது ஆள் என்று கேலி செய்வோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் கழிவுத் தொட்டியில் ஆசிட் விட்டு மெட்டா பைசல்பைட் போடுவோம். மஞ்சள் அப்படியே பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டால் பச்சைச் சேறு அடியில் உட்காரும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைத்தான் பாட்டிலில் பிடித்துப் போவார்கள். மற்ற நாளெல்லாம் மஞ்சளாகவே போகும். அந்தப் பச்சைச் சேறு எங்கே போனது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், புதைத்தவர்களில் நானும் ஒருவன்.

வேப்பங்குச்சி தம்பி, உங்கள் இடத்தில் டேங்க் கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று பழைய ஆட்கள் யாரையாவது தேடிக் கேளுங்கள். எல்லாப் பட்டறையிலும் ஓர் உறிஞ்சுகுழி இருக்கும். வரைபடத்தில் இருக்காது.

#5 நிலத்தடி

ஐயா எழுதியதை அச்செடுத்து என் மேசை மேல் ஒட்டப் போகிறேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓர் இடத்தை ஆராய நாங்கள் போகும்போது கையில் இருப்பது நிறுவனம் கொடுத்த வரைபடம். அதில் உள்ள கழிவுத் தொட்டியைச் சுற்றித்தான் துளை போடுவோம். அங்கே அழுக்கு இருக்கும், எடுப்போம், அறிக்கை எழுதுவோம். வரைபடத்தில் இல்லாத குழி அப்படியே இருக்கும்.

கணக்குப்பிள்ளைக்கு: நீங்கள் கேட்பது தவறான கேள்வி இல்லை. கடைசி ஐந்து சதவீதம் ஏன் அவ்வளவு செலவு வைக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நிலத்துக்குள் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். கெட்ட நீர் பல வருடம் மணலில் ஓடும்போது, பக்கத்துக் களிமண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடுகிறது. நாம் பம்பு போட்டு இறைத்து மணலைச் சுத்தம் செய்கிறோம். அளவு சரசரவென இறங்கும், எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வோம், பம்பை நிறுத்துவோம். அப்புறம் களிமண் தான் குடித்ததைத் திரும்பக் கக்க ஆரம்பிக்கும். ஓராண்டு, ஈராண்டில் அளவு மறுபடி ஏறும். குடித்த வருடங்களை விடக் கக்கும் வருடங்கள் கூடுதல். பம்பு நின்ற மறுமாதம் எடுத்த மாதிரியை வைத்து ‘சுத்தம்’ என்று எழுதினால், எழுதிய அன்று அது பொய்யில்லை. பலகை நிற்கும் காலம் முழுக்க உண்மையாக இருக்காது, அவ்வளவுதான்.

வேப்பங்குச்சி விஷயத்தில் மண்ணை மட்டும் வெட்டியதாகத் தெரிகிறது. எத்தனை அடி வெட்டினார்கள், நீர்மட்டம் எத்தனை அடியில்? இரண்டுக்கும் நடுவே இருக்கும் மண்ணை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மழையில் நீர்மட்டம் ஏறும்போது அந்த நடு மண்ணில் உள்ளது கரைந்து மேலே வரும்.

#6 தேன்சிட்டு

வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். ஒரு சந்தேகம். சில செடிகள் நஞ்சை உறிஞ்சும் என்கிறார்களே, அதை நட்டால் போதாதா? பள்ளிப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

#7 நிலத்தடி

டீச்சர், செடி உறிஞ்சும் என்பது உண்மை. டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கைத் தாறுமாறாக இழுத்துச் சேர்க்கும் என்று 2001-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். ஆனால் வேர் போகும் ஆழம் வரைக்கும்தான் வேலை நடக்கும். வருடக் கணக்கில் பொறுமை வேண்டும். அறுவடை செய்த பெரணி ஆர்செனிக் மூட்டை. அதை ஆடு தின்றால்? பிள்ளைகளிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பாடம் தானாக நடக்கும்.

உலோகத்துக்கு அழிவே கிடையாது. குரோமியத்தை நிறம் மாற்றலாம், ஆறிலிருந்து மூன்றுக்குத் தள்ளலாம், இடம் மாற்றலாம், மேலே மூடி போடலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

#8 சட்டப்புள்ளி

வேப்பங்குச்சியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், யாருடைய அளவுகோல்?

கொடைக்கானல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவில் சுமார் 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்கே திரும்பப் போனது. மிச்சமிருந்த சண்டை முழுக்க மண்ணைப் பற்றியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருந்தால் சரி என்பது ஒரு தரப்பு. அது சோலைக்காட்டை ஒட்டிய நீர்ப்பிடிப்புப் பகுதி, இவ்வளவு விடுவது தகாது என்பது எதிர்த்தரப்பு. இரண்டு தரப்பும் ‘சுத்தம்’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தின. மனிதர் வீடு கட்டிக் குடியிருக்க எவ்வளவு, காட்டுக்கும் மீனுக்கும் எவ்வளவு, கிடங்கு கட்ட எவ்வளவு என்று பயன்பாட்டுக்குத் தகுந்தபடி எண் மாறும். ஆக, நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ‘எந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற சுத்தம்?’ என்பது. பலகையில் அது இருக்காது, அனுமதி ஆணையில் இருக்கும். தகவல் உரிமையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

யார் பணம் கொடுப்பது என்பது அடுத்தது. அமெரிக்காவில் லவ் கெனால் என்ற இடத்தில் ஹுக்கர் கெமிக்கல் 1942 முதல் பத்து வருடத்துக்கு மேல் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைப் பழைய கால்வாயில் கொட்டி மூடியது. 1953-ல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரத்தில், உள்ளே கழிவு இருக்கிறது, பின்னால் எங்களைக் கேட்காதீர்கள் என்ற நிபந்தனையும் உண்டு. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. உள்ளே இருந்தது கசிந்து, 1978-ல் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டிவந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கெடுத்தார். ‘வீட்டுப் பெண்கள் எடுத்த கணக்கு’ என்று முதலில் ஒதுக்கினார்கள். அதன் விளைவாக 1980-ல் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் சட்டம். கொட்டியபோது அது குற்றமாக இல்லாவிட்டாலும் கொட்டியவர் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் பின்னோக்கிப் பாய்ந்தது. பொறுப்பாளி கிடைக்காத இடங்களுக்காக எண்ணெய், ரசாயன நிறுவனங்கள் மேல் வரி போட்டார்கள். அந்த வரி 1995-ல் காலாவதியாகி, கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் மறுபடி வந்தது. நடுவில் யார் கொடுத்தார்கள்? பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம்.

நம் நாட்டில் 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அருமை. பாலாற்றுக்காக 2025-லும் அதே நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

#9 வேப்பங்குச்சி

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டேன், நிலத்தடி சொன்னபடி இரண்டு பாட்டில்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம். “எதற்கு இதைக் கிளறுகிறீர்கள்? என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறேன், வீட்டை விற்றுத்தான் செய்ய வேண்டும். தண்ணீர் விஷம் என்று வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்?” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, கெஞ்சினார். நான் என்ன பதில் சொல்வது?

#10 கிழக்குவாசல்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னதும் மினமாட்டாதான் நினைவுக்கு வந்தது.

ஜப்பானில் சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. வினையூக்கி பாதரசம். கழிவு கடலில் கலந்தது, மீனில் மெத்தில் பாதரசமாகச் சேர்ந்தது. பூனைகள் வெறிபிடித்தது போல் ஆடிக் கடலில் விழுந்தன. 1956 மே 1-ம் தேதி, காரணம் தெரியாத நரம்பு நோய் என்று முறைப்படி தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர் அந்த நிறுவனத்தின் சொந்த மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஹொசோகாவா. அவரே 1959-ல் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்தார். 400-ம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் சோதனையை நிறுத்தச் சொல்லி முடிவை அமுக்கிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ‘சைக்லேட்டர்’ என்ற சுத்திகரிப்புக் கருவியைத் திறந்தார்கள். நிறுவனத் தலைவர் அதிலிருந்து வந்ததாகச் சொன்ன தண்ணீரை எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினார். பாதரசம் கலந்த கழிவு அப்போது அந்தக் கருவி வழியாகப் போகவே இல்லை. பாலிஷ்காரர் ஐயா சொன்ன மெட்டா பைசல்பைட் கதையின் பெரிய வடிவம் இது. ஆலை அந்த முறையை 1968 வரை ஓட்டியது. கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டதும் 1968-ல்தான், ஆலை அந்த உற்பத்தியை நிறுத்திய பிறகு.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். மினமாட்டா நகரத்துக்குச் சோறு போட்டது சிஸ்ஸோ. நோய் தொற்றும் என்று பயந்து கடைக்காரர்கள் நோயாளி வீட்டுக் காசைக் கையால் வாங்கவில்லை. தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் மாறவில்லை, இப்போது காரணம் வேறு: இவர்கள் வாய் திறந்தால் ஆலை மூடப்படும், மீன் விற்காது. நோயாளிகளை அடக்கியது நிறுவனம் மட்டும் இல்லை, அண்டை வீட்டாரும்தான். 1959 டிசம்பரில் ‘அனுதாபத் தொகை’ என்று ஒப்பந்தம் போட்டார்கள். இறந்தவருக்கு 3 லட்சம் யென். பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்க மாட்டோம் என்று ஒரு வரி அதில் இருந்தது. 1973 தீர்ப்பு அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது.

நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்றுதான் அதுவரை மருத்துவர்கள் நம்பினார்கள். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, பிள்ளை மட்டும் பாதிக்கப்பட்டுப் பிறந்தது. ஜப்பானில் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. பின்னாளில் அந்தக் கொடிகளில் பாதரசத்தை அளந்தார்கள். எந்த ஆண்டு எவ்வளவு நஞ்சு கடலுக்குப் போனது என்ற கணக்கு, நிறுவனத்தின் பேரேட்டில் இல்லாதது, தாய்மார்களின் அலமாரியில் இருந்தது.

உங்கள் நண்பரிடம் வாதாடாதீர்கள். அவருடைய கிணற்றிலும் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுங்கள், முடிவை அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

கிழக்குவாசல், நான் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மினமாட்டா விரிகுடாவை என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எல்லாப் பாதரசத்தையும் தூக்கி எறிந்துவிட்டார்களா?

#12 நிலத்தடி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், என் துறை.

1977-லிருந்து 1990 வரை தூர் வாரினார்கள். சுமார் 15 லட்சம் கனமீட்டர் சேறு. அதை எங்கே வைத்தார்கள்? அங்கேயேதான். மாசு மிகுந்த பகுதியை எஃகுத் தடுப்பால் அடைத்து, மற்ற இடத்துச் சேற்றை உறிஞ்சி அதற்குள் நிரப்பி, மேலே நல்ல மண் போட்டு மூடி, 58 ஹெக்டேர் புது நிலமாக்கினார்கள். இன்று அது பூங்கா. மீன் வெளியே போகாமல் விரிகுடா வாயில் கட்டியிருந்த வலையை 1997-ல்தான் எடுத்தார்கள். ஆக, கணக்குப்பிள்ளை மடக்க நினைத்தது சரிதான்: பாதரசம் பூங்காவுக்குக் கீழே இருக்கிறது. எஃகு துருப்பிடிக்கும், நிலநடுக்கம் வரும் நாடு, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாராமல் விட்டால் என்ன என்ற வாதமும் உண்டு. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் பிசிபி என்ற, எளிதில் சிதையாத நச்சு ரசாயனம் படிந்திருந்தது. கிளறினால் மறுபடி தண்ணீரில் கலக்கும், மேலே புதுவண்டல் படிந்து தானாக மூடிக்கொள்ளட்டும் என்று, அதை ஆற்றில் விட்ட ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் பல வருடம் வாதாடியது. கிளறினால் கொஞ்சம் கலக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால் ‘மூடிக்கொண்டது’ திறந்துகொள்ளும். கடைசியில் 2009 முதல் 2015 வரை வாரினார்கள். இப்போதும் அங்கே மீன் சாப்பிடுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

போபாலும் இப்படித்தான். 1984-ல் விபத்து, 2025 ஜனவரியில்தான் 337 டன் கழிவை பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள், அடுத்த சில மாதங்களில் எரித்தார்கள். பீதம்பூர்க்காரர்கள் ஏன் எங்கள் தலையில் என்று தெருவில் இறங்கினார்கள், நியாயம்தானே? எரிக்கும்போது சுண்ணாம்பு சேர்ப்பதால் மிஞ்சிய சாம்பலும் கசடும் எரித்ததை விடக் கூடுதல் எடை. அதையும் ஓர் இடத்தில் புதைக்க வேண்டும். இத்தனைக்கும் அது கிடங்கில் இருந்த கழிவு மட்டும். ஆலை மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியது அந்தக் கணக்கில் இல்லை.

#13 சீறும்_சிலந்தி

அப்போ எல்லாமே ஏமாற்று. ஒரு பயலும் ஒன்றும் செய்யப் போவதில்லை. எல்லா ஆலையையும் இழுத்து மூடணும்.

#14 நெறியாளர்

சீறும்_சிலந்தி, உங்கள் பதிவின் மற்ற இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். ஆலைகளின் பெயர் சொல்லி ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு வேண்டாம். மற்றவர்கள் தொடருங்கள்.

#15 கிழக்குவாசல்

எல்லாம் ஏமாற்று இல்லை. ஒரு நல்ல உதாரணம் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜப்பானிலேயே டோயாமா மாநிலத்தில் ஜின்சூ என்று ஓர் ஆறு. மேலே கமியோகா சுரங்கம், அங்கிருந்து காட்மியம். வயலில் பாய்ந்து, அரிசியில் ஏறி, எலும்பைக் கரைத்தது. இருமினால் விலா எலும்பு முறியும். ‘ஐயோ வலிக்குதே’ என்று பொருள்படும் ‘இட்டாய் இட்டாய்’ என்பதுதான் நோயின் பெயர். பெரும்பாலும் வயதான பெண்கள். 1972-ல் மேல்முறையீட்டிலும் வென்றதும் ஊர்க்காரர்கள் இழப்பீட்டோடு எழுந்து போகவில்லை. நிறுவனத்திடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள்: நாங்கள் எப்போது வேண்டுமானாலும், நாங்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணர்களோடு ஆலைக்குள் வந்து பார்ப்போம், ஏடுகளைப் பார்ப்போம், செலவு உங்களுடையது. அன்றிலிருந்து வருடாவருடம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஆற்றில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியிருக்கிறது. வயல் மண்ணை மாற்றும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது, 33 வருடம். நிறுவனமும் இழுத்து மூடப்படவில்லை, சிலந்தியாரே.

சுத்தமானதாக யாரோ எழுதி வைத்த பலகையை அவர்கள் நம்பவில்லை. போய்ப் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள்.

#16 கணக்குப்பிள்ளை

இது எனக்குத் தெரியாத செய்தி. செலவு நோக்கிலும் இது நல்ல ஏற்பாடுதான், ஒழுகுவதை முதலிலேயே பிடித்துவிடலாம். கடைசி ஐந்து சதவீதம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் கண்காணிப்புச் செலவை நான் சுத்திகரிப்புச் செலவில் சேர்க்காமல் இருந்தது தப்பு.

#17 வேப்பங்குச்சி

முடிவு வந்துவிட்டது. எங்கள் கிணற்றில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம். பக்கத்து வீட்டில் 0.31. அவருடைய தண்ணீரில் நிறமே இல்லை. காகிதத்தைக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அடுத்த மனுவில் என் பெயரையும் போடுங்கள்” என்றார். வீட்டை விற்பது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அனுமதி ஆணையும் கிடைத்தது. சட்டப்புள்ளி சொன்னது சரி. ‘தொழிற்பயன்பாட்டுக்கு உகந்த அளவு’ என்றுதான் அதில் இருக்கிறது. மண் வெட்டியது ஆறரை அடி. எங்கள் கிணற்றில் நீர்மட்டம் பத்தொன்பது அடி. நிலத்தடி நீர் என்ற சொல் ஆணையில் ஒரே ஓர் இடத்தில், ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது.

பாலிஷ்காரர் ஐயா, நீங்கள் சொன்னபடி பழைய ஆள் ஒருவரைக் கண்டுபிடித்தேன். இப்போது இரவுக் காவலாளியாக இருக்கிறார். முதலில் பயந்தார். பேசிக்கொண்டிருக்கையில் கையில் இருந்த பீடிக் கட்டின் உறையைப் பிரித்து, உள்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். குரோம் ஷெட், அதன் பின்னால் கழிவறை, கழிவறைக்கும் எங்கள் பின்சுவருக்கும் நடுவே ஒரு வட்டம். மூன்று வளைய உறை இறக்கிய குழியாம். மண் வெட்டிய எல்லை கழிவறைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

#18 பாலிஷ்காரர்

மூன்று உறை என்றால் அடியில் தளம் போட்டிருக்க மாட்டார்கள். தளம் போட்டால் குழி ரொம்பிவிடும், பிறகு லாரி வைத்து அள்ள வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தானே உறிஞ்சுகுழி.

அந்த ஆளுக்கு மூக்கில் விசில் வருகிறதா என்று கேளுங்கள். இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், நான் காட்டியது ரொம்பத் தாமதம்.

#19 நிலத்தடி

அந்தப் பீடி உறையை மடிக்காமல் பிளாஸ்டிக் தாளில் போட்டு வையுங்கள், வெளிச்சத்தில் பேனா மை மங்கிவிடும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம், இங்கேயும்.

மனுவில் மூன்று மட்டும் கேளுங்கள். குழி இருக்கும் இடத்தில் துளை போட்டு நீர்மட்டம் வரை மண் மாதிரி. குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவே இரண்டு கண்காணிப்புக் குழாய்க் கிணறு, வருடத்துக்கு நான்கு தடவை மாதிரி. மாதிரி எடுக்கும்போது தெருக்காரர் ஒருவர் கூட நின்று, அதே தண்ணீரில் தனக்கும் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ள அனுமதி.

துளை போட வருவதற்கு முன்னால் பழைய மின்கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று காவலாளியிடமே இன்னொரு தடவை கேட்டு வையுங்கள்.

#20 வேப்பங்குச்சி

கேட்டுவிட்டேன். கழிவறையின் வலப்பக்கமாம். இன்னொரு உறையில் வரைந்து கொடுத்திருக்கிறார்.